சுந்தரவனத் தீவுக்குக் கோழிக்குஞ்சு அனுப்பும் முன்

கேள்வி சுருக்கமாக இதுதான்: மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்தில் கோசாபா பக்கம் புயலில் அடிபட்ட ஒரு தீவுக் கிராமத்துக்காக நண்பர்கள் சிலர் பணம் திரட்டியிருக்கிறார்கள். வயலில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டதால் விவசாயம் இல்லை. வீட்டுக்கு 20 ஒருநாள் குஞ்சு என்று 100 வீட்டுக்கு உடனே கொடுத்து, மேயவிட்டு வளர்க்கச் சொன்னால் அந்தக் குடும்பங்கள் மீண்டு வருமா?

கோழி நல்ல யோசனை. ஆனால் இருபது வேண்டாம், ஒருநாள் குஞ்சு வேண்டவே வேண்டாம், உடனேயும் வேண்டாம். கிராமக் கால்நடை வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிவாரணமாகக் கொடுக்கும் ஒருநாள் குஞ்சுகளில் பெரும்பகுதி ஒரு மாதம் தாண்டுவதில்லை. கொடுக்கிற அன்றைக்கு எடுத்த போட்டோ மட்டும் நன்றாக இருக்கும். குஞ்சு ஏன் சாகிறது, சாகாமல் இருக்க என்ன ஏற்பாடு வேண்டும் என்பதில்தான் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் போக வேண்டும். அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் 102 தீவுகள், அதில் 54-இல் மக்கள் இருக்கிறார்கள். குடியிருக்கும் நிலம் ஓதம், அதாவது கடல் பொங்கி ஏறும் தண்ணீர், ஏறும் மட்டத்தைவிடத் தாழ்வு. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டிருக்கும் கரைகள்தான், பெரும்பாலும் வெறும் மண்கரைகள், ஊரைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. 2009 மே 25-இல் வந்த ஐலா புயலின் காற்று வேகம் மணிக்கு 110, 120 கிலோமீட்டர்தான். கடலோரக்காரர்கள் பார்க்காத வேகம் இல்லை. ஆனால் ஓதம் ஏறும் நேரம் பார்த்து வந்ததால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர் கரை சேதமாகி, உப்புத் தண்ணீர் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பல இடங்களில் இரண்டு மூன்று வருடம் நெல் சரியாக விளையவில்லை. ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர் கிளம்பினார்கள். நம் ஊர்க் கட்டட வேலையிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பார்க்கிற வங்காளத் தொழிலாளிகளில் சிலர் இந்தத் தீவுகளிலிருந்து வந்தவர்கள்தான்.

அப்புறம் அம்பான் 2020 மே 20, யாஸ் 2021 மே 26, ரெமல் 2024 மே 26. ஐலாவையும் சேர்த்துப் பாருங்கள், நான்கும் மே 20-க்கும் 26-க்கும் நடுவில். 2019 நவம்பர் 9-இல் வந்த புல்புல் மட்டும் வேறு பருவம். இந்தத் தேதிகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கோழியை எப்போது கொடுப்பது, எப்போது விற்கச் சொல்வது என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

ஏன் கோழி? ஆண் வெளியூரில், நிலம் உப்பில், வீட்டில் இருப்பது பெண்ணும் பிள்ளைகளும் வயசானவர்களும். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், நெல்லே இல்லாதபோது வைக்கோல் ஏது? ஆடு சினைபிடித்தால் ஐந்து மாதம், குட்டி தேறி விலைபோக மறுபடியும் பல மாதம். கோழிக்கு 21 நாள் அடை. நாலைந்து மாதத்தில் சேவல் விற்கலாம். இடம் வேண்டாம், நிலப்பட்டா வேண்டாம். முட்டையும் கோழியும் விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையில்தான் புரளும். தொகை சிறியதுதான், உடைந்த வீட்டைக் கட்டாது, வட்டிக்கடனை அடைக்காது. பிள்ளைக்கு நோட்டு, படகுக் கூலி, மருந்து, நடுநடுவே ஒரு முட்டை தட்டில் — இந்த அளவுக்கு எதிர்பார்த்தால் கோழி ஏமாற்றாது. "கோழி வளர்த்துக் கிராமம் மீண்டது" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. கரையைச் சரியாகப் போடாத ஊரில் எதைக் கொடுத்தாலும் அடுத்த ஓதம் கொண்டுபோகும்.

சரி, தீனிக்கு வருவோம். மேய்ச்சல் கோழிக்குத் தீனிச் செலவு இல்லை என்று சொல்வோம். அது பாதி உண்மை. அந்தத் தீனியை வீட்டைச் சுற்றியுள்ள மண்ணும் அடுப்படியும் கொடுக்கின்றன: சிந்திய நெல், தவிடு, நொய், சோற்றுப் பருக்கை, மண்புழு, கரையான், வெட்டுக்கிளி, இளம்புல், மீன் கழுவிய கழிவு. சாதாரண வருடத்திலேயே ஒரு வீட்டின் சுற்றுப்புறம் எட்டிலிருந்து பன்னிரண்டு வளர்ந்த கோழிக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் விட்டால் எல்லாம் சேர்ந்து மெலியும், முட்டை நிற்கும், பக்கத்து வீட்டுத் தோட்டத்தைக் கிளறிச் சண்டை வரும்.

உப்புத் தண்ணீர் நின்ற ஊரில் இந்தத் தீனியே செத்துப்போகிறது. மண்புழு சாகும், புல் கருகும், நன்னீர்க் குளத்து நத்தை சாகும். வங்காளத்தில் வாத்துக்கு முக்கியத் தீனியே அந்தக் குட்டி நத்தைதான். நெல் இல்லாததால் தவிடும் இல்லை, வீட்டில் மிச்சம் விழும் அளவுக்குச் சோறும் இல்லை. இந்த நேரத்தில் வீட்டுக்கு 20 வாய் கொண்டுபோய்க் கொடுத்தால் நிவாரண அரிசியில் பங்கு கேட்க 20 வாய் என்றுதான் அர்த்தம். கூடவே இன்னொரு ஆபத்து உண்டு. புயலுக்குப் பின் குளமெல்லாம் செத்த மீனும் அழுகின இலையும் மிதக்கும். அழுகின மீனையும் அதில் நெளியும் புழுவையும் தின்ற கோழி, வாத்துகளுக்குக் கழுத்து துவண்டு, இறக்கை தொங்கி, படுத்த இடத்திலேயே போய்விடும். கிருமி விட்ட நச்சு அது, மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது அபூர்வம். குளத்தைத் தூர்வாரி, செத்ததைப் புதைத்த பிறகுதான் பறவையை விடலாம்.

தண்ணீரும் அப்படித்தான். கோழிக்கு உப்பு ஆகாது, குஞ்சுக்கு அறவே ஆகாது. லிட்டருக்கு ஒரு கிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் கவலையில்லை. 3 கிராம் தாண்டினால் தண்ணீராகக் கழியும், சாவு கூடும். 7 கிராமுக்கு மேல் தொடவே கூடாது. கடல்நீரில் 35 கிராம் இருக்கிறது, அது புகுந்த குளத்தின் கதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மீட்டர் எல்லாம் தேவையில்லை, வாயில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால் குஞ்சுக்கு வைக்காதீர்கள். தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது பெரும்பாலும் ஆயிரம் அடி வாக்கில் இறக்கிய ஆழ்துளைக் குழாயில் வருவதுதான். ஒரு பெண் அரை மணி நேரம் வரிசையில் நின்று குடம் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரில் கோழிக்கும் பங்கு போகும் என்பதைக் கணக்கில் எடுங்கள். குழாய் கெட்டுக் கிடந்தால் உங்கள் பணத்தில் முதல் செலவு அதுதான். உப்புப் போட்டுக் காயவைத்த கருவாட்டுத் தலையை அள்ளிக் கோழிக்குப் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இதனால்தான் "உடனே" வேண்டாம் என்றேன். மே கடைசியில் புயல் அடித்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை மேல்மண்ணின் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவும். நெல்லுக்கு அது போதாமல் இருக்கலாம், ஆனால் புல்லும் பூச்சியும் நெல்லுக்கு முன்னாலேயே திரும்பிவிடும். மழைக்காலத்தில் குஞ்சு வளர்ப்பதும் கஷ்டம். ஈரத்தில் ரத்தக் கழிச்சல் வரும், நனைந்த குஞ்சு விறைத்துச் சாகும். அதனால் துர்கா பூஜை முடிந்து, மழை ஓய்ந்து, அக்டோபர் கடைசி அல்லது நவம்பரில் கொடுப்பது தோது. எங்காவது மேட்டு வயலில் நெல் விளைந்திருந்தால் அறுவடையும் அப்போதுதான், தவிடு கிடைக்கும். நவம்பரிலும் புயல் வரலாம், அதனால் வானிலையைப் பார்த்துக்கொண்டு கொடுங்கள். அடுத்த மே வருவதற்குள் ஒரு தலைமுறை சேவல் விலைக்குத் தயாராகிவிடும்.

அதுவரை நான்கைந்து மாதம் சும்மா இருக்க வேண்டாம். முதலில், புயலில் பிழைத்த கோழிகள் ஊரில் எத்தனை என்று எண்ணுங்கள். கூரையிலும் தென்னையிலும் ஏறித் தப்பித்த நாட்டுக்கோழி ஒன்றிரண்டு எல்லாத் தெருவிலும் இருக்கும். அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் பழகியது, அடைகாக்கத் தெரிந்தது, காக்கையைக் கண்டால் குஞ்சை இறக்கைக்குள் இழுக்கத் தெரிந்தது. வெளியிலிருந்து நீங்கள் வாங்கும் எந்தக் கோழியையும்விட அது உசத்தி. அதற்குத் தடுப்பூசி போட்டு, ஒரு மூட்டை நொய் கொடுப்பதுதான் மிகக் குறைந்த செலவில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. நிவாரணக் குழுக்கள் இதைக் கவனிப்பதே இல்லை, இதில் போட்டோ எடுக்க ஒன்றுமில்லை.

இனத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, அப்புறம் ரோட் ஐலண்ட் ரெட், தனியார் உருவாக்கிய குராய்லர் எல்லாம் மேற்கு வங்கத்தில் புழக்கத்தில் உள்ளவை. நாட்டுக்கோழி வருடத்துக்கு 40 முதல் 60 முட்டை இடும். வனராஜா புறக்கடையில் நூறை ஒட்டி, கிராமப்பிரியா நன்றாகக் கவனித்தால் அதற்கும் மேலே. எண்ணிக்கையைப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் கலப்பினம்தான் என்று தோன்றும். ஆனால் இவை அநேகமாக அடையில் உட்காராது. முட்டையிடும் காலம் முடிந்ததும் அறுத்துத் தின்றால் கதை முடிந்தது. அடுத்த தலைமுறைக்கு மறுபடி யாராவது குஞ்சு கொண்டுவர வேண்டும். படகு ஏறி, ரிக்‌ஷா மாறி, மறுபடி படகு ஏறிப் போகும் தீவுக்கு ஒவ்வொரு வருடமும் யார் கொண்டுபோவார்கள்? உடம்பு பெரிதாக இருப்பதால் தீனியும் கூட வேண்டும், பறந்து தப்பிக்கும் சுறுசுறுப்பும் குறைவு.

அதனால் என் விருப்பம் இது: வீட்டுக்கு நான்கு நாட்டுப் பெட்டை. ஐந்து வீட்டுக்கு ஒன்று என்று ஒரு ரோட் ஐலண்ட் ரெட் அல்லது வனராஜா சேவல். அடைகாக்கும் குணம் நாட்டுக்கோழியிடம் இருந்தே வரும், குஞ்சுக்கு உடம்பு கொஞ்சம் கூடும். கலப்பு தலைமுறை தலைமுறையாகப் போனால் அடைக்குணம் நீர்த்துப்போகும், எனவே நாட்டுச் சேவலையும் ஊரில் ஒழித்துவிட வேண்டாம். யாராவது கலப்பினப் பெட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கொடுங்கள், அதன் முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. நாட்டுக்கோழி ஒரு பருவத்துக்கு 12, 14 முட்டை இட்டு அடையில் உட்காரும், வருடத்தில் மூன்று நான்கு முறை. இரண்டு அடை மட்டும் வைத்தால்கூட, முறைக்கு 10 குஞ்சு பொரித்தால், நான்கு கோழிக்கு 80 குஞ்சு. கவனிப்பு இல்லாத வீட்டில் இதில் மூன்று மாதம் தாண்டுவது 20, 25. கவனித்தால் 50, 55. கோழி அதேதான், வித்தியாசம் கவனிப்பில்தான். அந்த முப்பது கோழியும் போவது முதல் ஆறு வாரத்தில்: காக்கை, பருந்து, கீரி, குளிர், பசி, கழிச்சல். திட்டம் முழுக்க அந்த ஆறு வாரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அடையிலிருந்தே தொடங்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்தில் ஹஜோல் என்று ஒரு அடைச்சட்டி உண்டு, பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், இவ்வளவு எளிமையா என்று. களிமண்ணும் சாணியும் வைக்கோல் துணுக்கும் பிசைந்து அகலமான சட்டி ஒன்று. அதன் விளிம்பிலேயே இரண்டு சின்னக் கிண்ணம் ஒட்டியிருக்கும், ஒன்றில் நெல், ஒன்றில் தண்ணீர். சட்டிக்குள் அடியில் சாம்பல், அதன் மேல் வைக்கோல், மேலே முட்டை. சாம்பல் பேன் அண்டாமல் இருக்க. கோழி உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தை நீட்டிக் கொத்திக்கொள்ளும். சாதாரணமாக அடைக்கோழி இரை தேடி எழுந்து போகும், முட்டை ஆறும், கோழியும் 21 நாளில் எலும்பும் தோலுமாகி, அடுத்த முட்டைக்குத் தேற இரண்டு மூன்று மாதம் எடுக்கும். இந்தச் சட்டியில் உட்கார்ந்த கோழி உடம்பு இறங்காது. செலவு மண்தான், ஒரு பெண் செய்யக் கற்றால் தெரு முழுக்கச் செய்துவிடுவார். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, ரத்த நாளம் தெரியாத கூமுட்டையை எடுத்துவிட்டால் சாப்பிடவாவது ஆகும்.

பொரித்த குஞ்சை முதல் நான்கு வாரம் தாயோடு பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வையுங்கள். பகலில் சில மணி நேரம் கண் பார்வையில் விட்டால் போதும். கண்ணி வழியாகக் குஞ்சு நுழையும், ஆனால் தாய் நுழைய முடியாத அளவில் இன்னொரு கூடை வைத்து அதற்குள் குஞ்சுத் தீனி: நொய், கரையான், அவித்து நசுக்கிய கூமுட்டை. வெளியே வைத்தால் தாயும் பக்கத்து வீட்டுச் சேவலும் தின்றுவிடும். ஒரு குஞ்சுக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்தே ஒன்றரைக் கிலோ தீனி வாக்கில்தான் ஆகும், இந்த இடத்தில் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. ஐந்து ஆறு வாரத்தில் குஞ்சைப் பிரித்துவிட்டால் தாய் மறுபடி சீக்கிரம் முட்டைக்கு வரும்.

அடுத்தது வெள்ளைக்கழிச்சல். வடக்கே ராணிக்கேத் என்பார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுத் திணறும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், ஒரு வாரத்தில் தெருவே காலி. நாட்டுக்கோழி நோய் தாங்கும் என்பதெல்லாம் இந்த நோயிடம் செல்லாது. இதற்கான தடுப்பூசி மலிவானது, பல்லாண்டுகளாக இருக்கிறது, வேலையும் செய்கிறது. பிரச்சினை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான். குப்பி ஒன்று 100, 200 டோஸாக வரும், வீட்டில் இருப்பது பத்துக் கோழி. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். குளிர் போனால் வெறும் தண்ணீர். அம்பானுக்குப் பிறகு பல தீவுகளில் வாரக்கணக்கில் கரண்டே இல்லை, ஃப்ரிட்ஜ் எங்கே?

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஊரிலேயே இரண்டு மூன்று பெண்களைப் பழக்க வேண்டும். மேற்கு வங்கத்தில் பிராணிமித்ரா என்று ஊராட்சி அளவில் பெண் பணியாளர்கள் உண்டு, அவர்களோடு சேர்ந்தே செய்வது நல்லது, உங்கள் பணம் தீர்ந்த பிறகும் அவர்கள் இருப்பார்கள். முந்தின நாள் கேனிங் நகரத்திலோ கோசாபாவிலோ ஐஸ் போட்டு ஃபிளாஸ்க்கில் மருந்து வாங்கி வந்து, விடியும் முன் தெருவில் இறங்க வேண்டும். கூட்டைத் திறந்துவிட்ட பிறகு போனால் சேவலைத் துரத்தியே பொழுது போகும். கோழியைக் கக்கத்தில் இடுக்கி, தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டு. அது கண்ணை ஒருதரம் மூடித் திறக்கிற வரைக்கும் பிடித்திருக்க வேண்டும், அதற்கு முன் விட்டால் தலையை உதறிச் சொட்டு மண்ணில் விழும். புதிதாகப் பழகுபவர்கள் தவறவிடுவது அந்த ஒரு விநாடியைத்தான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் ஒன்று, எட்டு வாரம் வாக்கில் இதே நோய்க்கான ஆர்2பி என்ற ஊசி. அப்புறம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊர் முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து. ஒரு கோழிக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்று கூலி வாங்கட்டும். இலவசமாகப் போடச் சொன்னால் மூன்றாவது தடவை யாரும் வரமாட்டார்கள்.

குளிர் குறைந்தாலும் கெடாத மருந்தும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ப்ராட்ப்ரோ குழுவினர் கிராமக் கோழிகளுக்கென்றே ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள், வியட்நாம், மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் பயன்பட்டது. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தீனி போல் தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்து ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. கோழியைப் பிடிக்கவே வேண்டாம் என்பதால் தீவுக்குத் தோதானது. கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஐஸ் ஃபிளாஸ்க்கே போதும்.

கோழி எங்கே வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். வாரச் சந்தையில் மலிவாக அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஊரில் கழிச்சல் தொடங்கினதும் ஜனங்கள் முதலில் செய்வது இருக்கிற கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான். 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பறவைக் காய்ச்சல் வந்து லட்சக்கணக்கான கோழிகளை அழித்தார்கள், வீட்டுக்கோழிகளும் அதில் போயின. தீவுக்கு உள்ள ஒரே நல்ல விஷயம் சுற்றிலும் தண்ணீர் இருப்பது, அந்த வேலியை நாமே உடைக்கக் கூடாது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் இரண்டு வாரம் தனியாக வைத்து, தடுப்பூசி போட்டு, அப்புறம் பிரித்துக் கொடுங்கள்.

குராய்லர் வங்காளத்தில் பரவிய விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருநாள் குஞ்சை நேராக வீட்டுக்குக் கொடுக்கவில்லை. நடுவில் தாய்ப்பண்ணை என்று சிறு பண்ணைக்காரர்கள் மூன்று வாரம் வளர்த்து, தடுப்பூசி போட்டு, சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வியாபாரிகளிடம் கொடுத்தார்கள். பெண்கள் வாசலிலேயே இரண்டோ மூன்றோ வாங்கினார்கள். செத்துப்போகும் வயதைத் தாண்டிய குஞ்சு, தாங்குகிற எண்ணிக்கை. உங்கள் கிராமத்திலும் ஒரு சுயஉதவிக் குழுவோ ஒரு வீடோ தாய்ப்பண்ணையாக இருக்கலாம். கரண்ட் நம்ப முடியாத இடத்தில் பல்புக்குப் பதில் வைக்கோல் அடைத்த மரப்பெட்டி போதும், குஞ்சுகளின் உடம்புச் சூடே உள்ளே தங்கும்.

கூடு சின்ன விஷயம், இரண்டே வார்த்தை. தரையில் வேண்டாம், மூங்கில் கால் நட்டு, ஊரில் கடைசியாகத் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேலே. கூட்டின் அடித்தளத்துக்குப் பிளந்த மூங்கில், எச்சம் கீழே விழும்படி, அது தோட்டத்துக்கு எரு. கதவு இறுக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே கீரியும் உடும்பும் மட்டுமில்லை, மீன்பிடிப் பூனை உண்டு. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு, வீட்டுக்கோழி என்றால் விடாது. கோழி போன ஆத்திரத்தில் அதைக் கொல்கிறார்கள். ஒரு நல்ல தாழ்ப்பாள் இரண்டு பக்கத்துக்கும் உதவும்.

விற்பதற்கு அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. தேசி முர்கி என்று அங்கே சொல்லும் நாட்டுக்கோழிக்கும் அதன் முட்டைக்கும் பண்ணைக் கோழியைவிட நல்ல விலை எப்போதும் உண்டு. சுற்றுலாப் படகுகள் வருவது குளிர்காலத்தில், ஜனவரியில் சங்கராந்தியை ஒட்டிக் காட்டுத் தெய்வம் வனபீபியின் பூஜையும் வரும். சேவலுக்கு விலை ஏறும் நேரம் அது. அதில் விற்றது போக மிச்சச் சேவலை ஏப்ரலுக்குள் தள்ளிவிடச் சொல்லுங்கள். மே மாதம் வரும்போது வீட்டில் தாய்க்கோழிகளும் ஒரு சேவலும் மட்டும் இருந்தால், புயல் வந்தாலும் இழப்பு சிறியது, கையில் காசும் இருக்கும்.

இனி உங்கள் 100 வீட்டுக் கணக்கு. நூறு வீட்டுக்கும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதலில் 25 வீடு. யார் என்பதை ஊர்ப் பெண்களே கூடிச் சொல்லட்டும், ஆண் துணை இல்லாத வீடு, புலி அடித்து விதவையான பெண்ணின் வீடு முன்னால் வரட்டும், அப்படிப்பட்டவர்கள் அந்தத் தீவுகளில் நிறையப் பேர். வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்குள் தடுப்பூசி போட்ட நான்கு விடலைப் பெட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். நம் பக்கம் ஆடு மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவதுபோல வங்காளத்திலும் ஆதி என்று பாதிப் பங்குக்கு விடும் வழக்கம் பழையது, அதனால் விளக்கிச் சொல்லவே தேவையிருக்காது. பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோழி வாங்கச் செலவழிக்காதீர்கள். மீதி தடுப்பூசி, பயிற்சி, பஞ்சாரம், கூடு, முதல் ஆறு வாரத் தீனி, தண்ணீர்க் குழாய். இரண்டாம் வருடத்துக்குக் கொஞ்சம் எடுத்தும் வையுங்கள், மருந்துக்கான ஐஸ் காசு நின்றதும் திட்டம் நின்றுபோன ஊர்கள் உண்டு.

வாத்து கேட்பார்கள், அங்கே வாத்துக்கு ருசியும் மரியாதையும் தனி. குளம் நன்னீராகி நத்தை திரும்பிய பிறகு கொடுங்கள், அநேகமாக அடுத்த மழைக்குப் பிறகு.

கடைசியாக, அடுத்த புயல். வீட்டுக்கு இரண்டு மூங்கில் கூடை, மூடியோடு, கோழி வாங்கும்போதே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். எச்சரிக்கை வந்ததும் தாய்க்கோழிகளைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம், அடையில் இருக்கும் முட்டையை விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் புயல் பாதுகாப்பு மையத்தில் கூடையை உள்ளே விடமாட்டார்கள் என்றால், பல பெண்கள் கோழிக்காகவும் ஆட்டுக்காகவும் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். கீழ்த்தளத்திலோ மாடிப்படி அடியிலோ கால்நடைக்கு இடம் உண்டா என்று ஏப்ரல் மாதமே பஞ்சாயத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.